கை மட்டும் போதுமா? ஆம்புலன்ஸ் தொழிலாளியும் மருத்துவ ஆராய்ச்சியும்

"ஏன் தம்பி, பன்னெண்டு மணி நேரம் கேஸ் பாத்துட்டு வந்து, தூங்காம யாருக்கோ ஃபாரம் எழுதிக்கிட்டு இருக்கியே, எதுவும் தர்றாங்களா?"

கேட்டவர் எங்கள் வண்டியின் பைலட். 108 ஆம்புலன்சில் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வோம். நான் பின்னால் நோயாளியோடு உட்காரும் டெக்னீஷியன்.

"ஒண்ணும் தரலண்ணே."

"பின்ன எதுக்கு?"

அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மருத்துவ ஆராய்ச்சி டாக்டர்கள் சமாச்சாரம். பட்டம், பதவி உயர்வு, பேர் எல்லாம் அவர்களுக்கு. கூலிக்கு ஆளைத் தூக்கிச் சுமக்கிறவன் அதில் போய் ஏன் சேரவேண்டும்? அதுவும் காலனியில் பிறந்த ஒருவன், ஆராய்ச்சி என்ற பேரில் ஒடுக்கப்பட்டவர்களின் உடம்பை என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்ட ஒருவன், ஏன் சேரவேண்டும்? இதை ஓர் அறக்கேள்வியாகவே எடுத்துக்கொண்டு தோழர்களோடு பேசிப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் என் ஆயாவின் தோளில் இருந்த தழும்பைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆயா பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரி. கல்யாணமான புதிதில் ஊருக்கு ஜீப்பில் ஆட்கள் வந்தார்களாம். ஊர், சேரி என்று பார்க்காமல் வீடு வீடாகப் பேர் எழுதினார்கள். கையில் ஊசி போட்டார்கள். சளி எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் வந்து வந்து பார்த்தார்கள். ஊசி போட்ட இடத்தில் ஆயாவுக்குப் புண்ணாகித் தழும்பு விழுந்தது. பக்கத்து வீட்டுச் சின்னாயாவுக்கு, அப்போது சின்னப் பொண்ணு, விழவில்லை. "எனக்குப் புடிச்சிக்கிச்சி, அவளுக்குப் புடிக்கல. அவ ஒடம்புல இன்னாமோ கொற" என்று ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. சின்னாயாவும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தது.

நான் இந்த வேலைக்குப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆராய்ச்சி அது. 2,80,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குத் தடுப்பு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் நீர். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்குவதுபோல முடிவாகும். 15 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை, சிறு வயதில் போட்டுக்கொண்டவர்களுக்கும் கிடைத்த பாதுகாப்பு குறைவுதான் என்று முடிவு வந்தது. உலகத்து மருத்துவப் புத்தகங்களில் எல்லாம் செங்கல்பட்டின் பேர் ஏறியது. ஆயாவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

அந்த ஆராய்ச்சி தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நேர்மையான வழி கிடையாது. இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பிக்கொண்டு இருப்பதைவிட, இல்லை என்று தெரிந்துகொள்வது மேல். நான் கேட்பது வேறு. கேள்வியைப் போட்டவர் யார்? உடம்பைக் கொடுத்தவர் யார்? பதில் யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது?

உழைப்பை மட்டுமல்ல, உழைப்பவர்களையே சாதி கூறுபோட்டு வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். அறிவு உற்பத்தியிலும் இதே கூறுபோடல்தான். கேள்வி கேட்பது ஒரு கூட்டம், கையால் வேலை செய்வது ஒரு கூட்டம், உடம்பைக் கொடுப்பது இன்னொரு கூட்டம். பாம்பு கடிக்கு நாம் போடும் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள் இருளர்கள். வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. எந்தப் புற்றில் எந்தப் பாம்பு இருக்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்லுகிறவர்கள். அதற்கு நாம் 'பிடிக்கிற திறமை' என்று பேர் வைத்தோமே தவிர, 'அறிவு' என்று வைக்கவில்லை. 2023இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோதுதான் பலருக்கு அந்தச் சேதியே தெரிந்தது.

ஆம்புலன்ஸ் தொழிலாளியும் 'கை' என்ற கூட்டத்தில்தான் வருகிறான். அவன் ஆராய்ச்சியில் சேருவது என்றால் என்ன பொருள்? இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துப் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும். பைலட் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வியை அங்கே ஆம்புலன்ஸ்காரர்கள் பெரிய அளவில் எதிர்கொண்டார்கள்.

இதயம் நின்று விழுந்தவருக்கு அட்ரினலின் ஊசி போடுவது பல பத்தாண்டு வழக்கம். நின்ற இதயத்தை அது மறுபடி துடிக்க வைக்கும். ஆனால் அந்த ஆள் பிழைத்து வீட்டுக்கு நடந்து போவாரா, மூளை தேறுமா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 2014 டிசம்பரிலிருந்து 2017 அக்டோபர் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்து ஆம்புலன்ஸ் அமைப்புகள் இதைச் சோதித்தன. 'பாராமெடிக்-2' என்று ஆராய்ச்சிக்குப் பேர். வண்டியில் மூடி வைத்த பொட்டலங்கள் இருக்கும். சிலவற்றில் அட்ரினலின், சிலவற்றில் உப்பு நீர். எதில் எது என்று ஊசி போடுகிறவருக்கே தெரியாது. மொத்தம் 8,014 நோயாளிகள்.

அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். தரையில் ஒரு மனிதர் கிடக்கிறார். பக்கத்தில் மனைவி அழுகிறாள். கையில் இருப்பது மருந்தா உப்பு நீரா என்று தெரியாமல் ஊசியை ஏற்றவேண்டும். ஒரு ஆம்புலன்ஸ்காரன் இதற்கு எப்படிச் சம்மதித்தான்?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவன் அதுவரை போட்டுக்கொண்டிருந்த ஊசியும் ஒரு வகையில் தெரியாமல் போட்டதுதான். வழக்கம் என்பதால் போட்டான். ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றைக்குத் தனக்குத் தெரியாது என்பதை முதல்முறையாக ஒப்புக்கொண்டான். 'வழக்கம்' என்ற சொல்லுக்கு முன்னால் நம் சனங்கள் எத்தனை தலைமுறை குனிந்து நின்றிருக்கிறார்கள்! டீக்கடையில் தனி டம்ளர் ஏன் என்று கேட்டால் வழக்கம். சுடுகாட்டுக்குத் தனிப் பாதை ஏன் என்று கேட்டால் வழக்கம். வழக்கத்தைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. மருத்துவத்திலும் அந்தக் கேள்வி நம்முடையதுதான்.

2018இல் முடிவு வெளியானது. அட்ரினலின் போட்டவர்களில் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதம், உப்பு நீர் போட்டவர்களில் 2.4 சதவீதம். அதாவது ஆயிரம் பேரில் எட்டுப் பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்து மருத்துவமனையை விட்டுப் போனவர்களில், மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், உப்பு நீர் பக்கம் 17.8 சதவீதம். இப்போது எது நல்ல மருந்து? எது உயிர்? பிழைத்தவரை வருஷக்கணக்கில் தூக்கி வைத்துக் குளிப்பாட்டப் போகிற வீட்டுப் பெண்ணைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்லமுடியுமா? ஆராய்ச்சி கணக்கைத்தான் கொடுக்கும். மீதியை மனிதர்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

இன்னொரு ஆராய்ச்சி 'ஏர்வேஸ்-2'. இங்கிலாந்தில் 2015இலிருந்து 2017 வரை நடந்தது. 1,523 பாராமெடிக்குகள் சேர்ந்தார்கள். இதில் சீட்டுக் குலுக்கியது நோயாளிகளுக்கு இல்லை, தொழிலாளர்களுக்கு. ஒரு பாதிப் பேர் மூச்சுக்குழாய்க்குள் டியூபை இறக்கவேண்டும். இன்னொரு பாதிப் பேர் தொண்டைக்கு மேலேயே நிற்கும் சுலபமான கருவியைப் பயன்படுத்தவேண்டும். டியூபை இறக்குவது கஷ்டப்பட்டுக் கற்ற வித்தை, அந்தத் தொழிலின் கௌரவம். அந்தக் கௌரவத்தையே சோதனைக்கு வைத்தார்கள். 9,296 நோயாளிகளுக்குப் பிறகு வந்த முடிவு: நல்லபடியாகத் தேறியவர்கள் கணக்கில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தன் வித்தை அவசியம்தானா என்று தானே கேட்டுப் பார்க்கிற துணிச்சலை நான் மதிக்கிறேன். நம்மைச் சுற்றியிருக்கிற எத்தனை பெரிய வித்துவான்கள் இதைச் செய்வார்கள்?

ஆனால் பாராமெடிக்-2இல் என்னை உறுத்துகிற ஒன்றும் உண்டு. நினைவில்லாமல் கிடப்பவரிடம் சம்மதம் கேட்கமுடியாது. நிமிஷம் கழிந்தால் உயிர் போய்விடும். அதனால் கேட்காமலே சேர்த்துக்கொள்ள அங்கே சட்டம் அனுமதித்தது. வேண்டாம் என்கிறவர்கள் முன்கூட்டியே ஒரு காப்பு வாங்கிக் கையில் போட்டுக்கொள்ளலாம். பிழைத்தவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பிறகு சொன்னார்கள். செத்துப்போனவர்களின் வீட்டாருக்கு நேரில் போய்ச் சொல்லவில்லை. பொதுவில் அறிவிப்புக் கொடுத்ததோடு சரி. துக்கத்தில் இருப்பவர்கள்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றவேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது கருணையாகவே இருக்கலாம். ஆனால் 'இது உனக்குத் தெரியவேண்டாம்' என்று இன்னொருவர் நமக்காக முடிவெடுக்கிற கருணையை நமக்கு நன்றாகவே தெரியும். என் ஆயாவும் அந்தக் கருணைக்குள்தான் வாழ்ந்து செத்தது.

சேருவது என்று முடிவெடுப்பதில் இருக்கிற ஆபத்துக்கு இதைவிடக் கொடிய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி. 1932இல் அரசுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. சிபிலிஸ் என்ற மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 கறுப்பின ஆண்கள். என்ன நோய் என்று சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். பென்சிலின் வந்து எல்லாருக்கும் கிடைத்த பிறகும் இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. வைத்தியம் பார்க்காமல் விட்டால் நோய் எப்படி முற்றும் என்று பார்ப்பதுதான் நோக்கம். 1972இல் பத்திரிகையில் அம்பலமான பிறகுதான் அது நின்றது.

அந்த ஆண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பரிசோதனைக்கு அழைத்து வந்தது யார் தெரியுமா? யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ். பல பத்தாண்டுகள் அந்த மனிதர்களோடு பழகியவர். அவர்களுடைய வீடுகளில் நல்ல பேர் எடுத்தவர். செத்தவரை அறுத்துப் பார்க்கக் குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் மாறவில்லை. தன் சனங்களுக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். அவரைத் திட்டுவது சுலபம். எனக்கோ அவரைப் படிக்கும்போது பயம்தான் வருகிறது. காலனி வீட்டில் நான் போய் நின்றால் "நம்ம புள்ள" என்று கதவைத் திறக்கிறார்கள். அந்த நம்பிக்கையை யாரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறேன்?

அதே அமெரிக்காவில், அதே கறுப்பின மக்களிடையே, வேறொரு சம்பவமும் நடந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தின் ஹில் மாவட்டம், 1967. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வேனில்தான் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். கறுப்பின மக்கள் தெருவுக்கு அதுவும் நேரத்துக்கு வராது. பீட்டர் சஃபார் என்ற மயக்கமருந்து நிபுணர், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் ஒருவர். அவர் அந்தத் தெருவின் வேலையில்லாத இளைஞர்களையும் போரிலிருந்து திரும்பியவர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே, தெருவிலேயே, டாக்டர் இல்லாத ஒருவர் உயிர்காக்கும் சிகிச்சை கொடுக்கமுடியுமா என்ற கேள்விக்குச் செய்து காட்டிப் பதில் சொன்னவர்கள் அவர்கள். பிறகு நான்சி கரோலைன் என்ற பெண் டாக்டர் அவர்களோடு வேலை செய்தார். பாராமெடிக் தொழிலுக்கான பாடத்திட்டம் அவர்களிடம்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்றைக்கு நான் படித்த பாடத்துக்கும் அவர்களுடைய வியர்வையில் ஒரு வேர் இருக்கிறது.

1975இல் நகராட்சி அதை மூடிவிட்டுத் தன் சொந்த ஆம்புலன்சைத் தொடங்கியது. வெள்ளையர்களே பெரும்பான்மை. பழைய ஆட்கள் பலர் ஒதுக்கப்பட்டு வெளியேறினார்கள். அறிவை எடுத்துக்கொண்டு ஆளைத் துரத்துவது அங்கேயும் உண்டு.

இருந்தாலும் ரிவர்ஸுக்கும் ஃப்ரீடம் ஹவுஸ்காரர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரிவர்ஸ் சுமந்த கேள்வி அவருடையது இல்லை, அவர் அழைத்து வந்தவர்களுடையதும் இல்லை. பதில் அவர்களிடம் திரும்பி வரவும் இல்லை. பிட்ஸ்பர்க்கில் கேள்வி தெருவிலிருந்தே எழுந்தது: வண்டி வருவதற்குள் எங்கள் ஆள் ஏன் சாகிறான்? பதிலும் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் வந்தது.

இனி என் ஃபாரம் கதைக்கு வருகிறேன்.

எனக்கு வேலை கிடைத்தது தெற்கே ஒரு மாவட்டத்தில். அங்கே மேல்படிப்புப் படித்த ஓர் இளம் டாக்டர், பாம்பு கடித்தவர்களைப் பற்றிக் குறிப்பெடுக்க எங்களைக் கேட்டார். விருப்பம் உள்ளவர்கள் மட்டும். எத்தனை மணிக்குக் கடித்தது, கயிறு கட்டினார்களா, முதலில் யாரிடம் போனார்கள், இப்படி ஒரு பக்கம். இந்தியாவில் 2000இலிருந்து 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்துச் செத்திருப்பார்கள் என்று 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து சனங்கள். யாருடைய கால் வயலில் இருக்கிறதோ அவர்களைத்தான் கடிக்கிறது. அதனால்தான் நான் பேர் கொடுத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு அக்காவை ஏற்றினோம். கூலிவேலை முடிந்து திரும்பும்போது வரப்பில் கடித்திருக்கிறது. இமை சரிந்துகொண்டிருந்தது. சம்மத ஃபாரத்தில் கைநாட்டு வாங்கவேண்டும். நான் எடுத்ததுமே, "எங்க வேணாலும் வைக்கிறேன் சாமி, எம் புள்ளைக ரெண்டும் சின்னப் புள்ளைக" என்று கையை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. சட்டையைப் பார்த்து என்னைச் 'சாமி' என்கிறார். அந்தக் கை எந்தக் காகிதத்திலும் பதியும். நிலத்தை எழுதிக் கேட்டாலும் பதியும். அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஆக்சிஜனைப் பார்த்தேன்.

நான்கு நாள் கழித்து வார்டுக்குப் போனேன். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். "நான் சாமி இல்லக்கா, நானும் காலனிதான்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றேன். யோசித்துவிட்டு, "கேளு தம்பி, சொல்றேன்" என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். 'காலணி அணிந்திருந்தாரா: ஆம், இல்லை' என்று ஒரு கட்டம்.

"செருப்பு இருந்துச்சு."

"போட்டிருந்தீங்களா?"

"கையில இருந்துச்சு. ஊருத் தெரு தாண்டுற வரைக்கும் போடக்கூடாதுல்ல. தாண்டுனதும் வரப்பு. இருட்டிருச்சு, புள்ளைக தேடும்னு அப்படியே நடந்துட்டேன்."

பேனா நின்றுவிட்டது. 'ஆம்' என்று போடுவதா, 'இல்லை' என்று போடுவதா? 'இல்லை' என்று போட்டால் என்ன ஆகும்? கிராம மக்களிடம் செருப்பு போடும் விழிப்புணர்வு இல்லை என்று கட்டுரையில் வரும். அறியாமை என்று அக்காவின் தலையில் எழுதிவிடுவார்கள். கடித்தது பாம்பு மட்டும்தானா?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஊருக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் யாரும் அவர் குடும்பத்தில் இல்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த கட்டு ஃபாரத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'இல்லையெனில் காரணம்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

பைலட் அண்ணனுக்கு நான் சொல்லவேண்டிய பதில் அந்த ஒரு வரிதான். நாம் அங்கே இல்லாவிட்டால் அந்த வரி வராது. நாம் சேராவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடப் போவதில்லை. நம் உடம்பை வைத்து, நம் கையைக் கொண்டு, நம் கேள்வி இல்லாமல் நடக்கும். அதனால் சேரவேண்டும் என்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேரக்கூடாது. ரிவர்ஸின் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, நம்மை உட்காரவைக்க ஆட்களும் இருக்கிறார்கள். கேள்வியை எழுதும்போதே நாமும் உட்காரவேண்டும். மாட்டேன் என்று சொல்கிறவரின் சிகிச்சையில் ஒரு சொட்டுக்கூடக் குறையக்கூடாது. முடிவு வந்ததும் தெருவுக்கு வந்து சொல்லவேண்டும். இந்த மூன்றுக்கும் ஒப்பாத இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

டாக்டர் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டார். முடிவை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நானே அந்த அக்காவின் தெருவுக்குப் போய்க் குழாயடியில் நின்று படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "சரி தம்பி, இத ஊருத் தெருவுல போயி யாரு படிக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. அது ஆராய்ச்சியின் வேலை இல்லை, நம் இயக்கங்களின் வேலை என்று இப்போது தோன்றுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சின்னாயாவைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து 1968 சங்கதியை விளக்கிச் சொன்னேன். "ஒன் ஒடம்புல ஒரு கொறையும் இல்ல சின்னாயா. ஒனக்குப் போட்டது வெறும் தண்ணியா இருக்கும். அதான் தழும்பு வுழல."

சின்னாயா வெறுமையாக இருந்த தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அப்புறம் கேட்டது:

"அத்த அப்பவே வந்து சொல்லியிருந்தா இன்னாவாம்?"